கரண்ட் வந்ததும் லேசர் பிரிண்டர் ஆன் ஆகல, லைட் கூட எரியல. வழி சொல்லுங்க

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடை:
வணக்கம். சின்னதா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கருப்பு வெள்ளை லேசர் மெஷின், ஸ்கேன், ஜெராக்ஸ் எல்லாம் அதுலயேதான். நேத்து சாயங்காலம் மழையில கரண்ட் போச்சு. திரும்ப வந்தப்போ பல்பு கண்ணைக் கூசுற அளவுக்கு எரிஞ்சுது, ஃபேன் தாறுமாறா சுத்துச்சு. அப்பவே மெஷின் பின்பக்கம் "டப்"னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் பட்டனை அமுக்கினா சத்தமும் இல்ல, வெளிச்சமும் இல்ல. அதே பிளக்குல செல்போன் சார்ஜ் ஏறுது. ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல்னு வர்றவங்களைத் திருப்பி அனுப்பிக்கிட்டிருக்கேன். மெஷினையே மாத்தணுமா?

ராயபுரம் பையன்:
அக்கா, ஸ்பைக் பஸ்டரைக் கழட்டிட்டு நேரா சுவத்து பிளக்குல போட்டுப் பாருங்க. அப்புறம் கம்ப்யூட்டர் சிபியூ ஒயரை எடுத்து மெஷின்ல சொருகுங்க, லேசருக்குப் பெரும்பாலும் அதே ஒயர்தான். பல தடவை ஒயர்தான் போயிருக்கும்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடை:
ரெண்டும் பார்த்துட்டேன் தம்பி. மெஷின் ஒயரை சிபியூல போட்டா கம்ப்யூட்டர் ஆன் ஆகுது. மெஷின் மட்டும் அசையல.

திருவொற்றியூர் வாசி:
உள்ள ஃபியூஸ் போயிருக்கும் மேடம். ஒரு செம்பு இழையைச் சுத்தி விட்டா ஓடும்.

வியாசர்பாடி சர்வீஸ்:
அக்கா, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. ஃபியூஸ் சும்மா போகாது.

நீங்க சொல்ற அறிகுறி நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற ஒயர், விட்டுப்போன மாதிரி இருக்கு. த்ரீ ஃபேஸ் லைன்ல நியூட்ரல் அறுந்தா 230 வோல்ட் வரவேண்டிய இடத்துல 400 வரைக்கும் ஏறலாம். மெஷினுக்குள்ள பவர் சப்ளை போர்டுல கரண்ட் நுழையிற இடத்துல நீல நிறத்துல, வட்டமா, தட்டையா ஒரு பாகம் இருக்கும். வேரிஸ்டர்னு சொல்லுவோம். வோல்டேஜ் எகிறினா அது ஷார்ட் ஆகி, ஃபியூஸை எரிய விட்டு மத்த பாகத்தைக் காப்பாத்தும். நீங்க கேட்ட "டப்" அநேகமா அதுதான். அது ஷார்ட்டா இருக்கும்போது புது ஃபியூஸ் போட்டாலும் உடனே எரியும். செம்பு இழை சுத்தினா எரியாது, போர்டு பத்திக்கும்.

ஃபியூஸ் கண்ணாடியைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிஞ்சுடும். உள்ள கம்பி மட்டும் மெல்லிசா அறுந்திருந்தா சின்ன ஓவர்லோடு. கண்ணாடி முழுக்கக் கருப்பா, வெள்ளி பூசின மாதிரி இருந்தா பெரிய ஷார்ட். அப்போ வேரிஸ்டர், பிரிட்ஜ் (ஏசியை டிசியா மாத்துற பாகம்), மாஸ்ஃபெட் (வேகமா ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச் மாதிரி பாகம்) மூணையும் மல்டிமீட்டர் வச்சுப் பார்க்காம ஃபியூஸ் போடக்கூடாது.

இதை நீங்களா திறக்காதீங்க. போர்டுல கரண்டைச் சேர்த்து வைக்கிற பெரிய கெபாசிட்டர்ல 325 வோல்ட் டிசி நிக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். தெரிஞ்ச ஆள்கிட்ட "பவர் சப்ளை மட்டும் பாருங்க, மெயின் போர்டை மாத்தாதீங்க"ன்னு சொல்லிக் கொடுங்க. மெயின் போர்டு ஒயரைக் கழட்டிட்டு சப்ளைக்குத் தனியா கரண்ட் கொடுத்தா பல மாடல்ல 24 வோல்ட் வரும். வந்துட்டா சப்ளை நல்லாருக்கு. பாகம் வேணும்னா எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், மெட்ரோவுல அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கினா நடக்கிற தூரம்தான்.

ராயபுரம் பையன்:
அண்ணா, யூபிஎஸ்ல போட்டிருந்தா தப்பிச்சிருக்குமா?

வியாசர்பாடி சர்வீஸ்:
லேசரை வீட்டு யூபிஎஸ்ல போடவே கூடாது தம்பி. ஹீட்டர் ரோலர் சூடாகும்போது பல நூறு வாட் இழுக்கும். 600 விஏ யூபிஎஸ் தாங்குறது 360 வாட் சுமாருக்குத்தான். வோல்டேஜ் எகிறினா கரண்டைத் துண்டிக்கிற ஓவர்வோல்டேஜ் கட் இருக்கிற ஸ்டெபிலைசர் சரி, மெஷினோட வாட்டுக்கு ஏத்ததா வாங்கணும்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடை:
அண்ணே, சரியாயிடுச்சு! ஃபியூஸ் கண்ணாடி நீங்க சொன்னபடியே கருப்பா இருந்துச்சு. வேரிஸ்டர் ரெண்டா பொளந்திருந்தது. அதையும் ஃபியூஸையும் மாத்தினாங்க, மத்ததெல்லாம் நல்லாருக்காம். இப்ப காப்பி வருது. ரொம்ப நன்றி.

வியாசர்பாடி சர்வீஸ்:
சந்தோஷம் அக்கா. ஆனா நியூட்ரல் சரியாகலேன்னா மறுபடியும் இதேதான் நடக்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் பெட்டியில நியூட்ரல் ஒயரை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிற கட்டையைப் பார்க்கச் சொல்லுங்க. நம்ம பக்கம் கடல் காத்துக்கு ஸ்க்ரூவைச் சுத்திப் பச்சைப் பச்சையா பூத்திருக்கும், ஒயர் லூஸா ஆடும். சுரண்டி இறுக்கட்டும். உங்க வரிசையில வேற கடையிலயும் பல்பு, ஃபேன் போயிருந்தா கோளாறு போஸ்ட்ல இருக்கும், எல்லாரும் சேர்ந்து ஈபில புகார் எழுதிக் கொடுங்க.