டன்னல் எழும்புகிறது, ஆனால் பெரிய ஃபைல் போகவில்லை

கேள்வி:
இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே ஐபிசெக் டன்னல் (இணையம் வழியே என்கிரிப்ட் செய்த இணைப்பு) போட்டிருக்கிறேன். ஃபயர்வாலில் யுடிபி 500, 4500 இரண்டையும் திறந்தாயிற்று. பிங் போகிறது. எஸ்எஸ்ஹெச்சில் லாகின் ஆகிறது. ஆனால் நீளமான லாக் ஃபைல் ஒன்றைத் திறந்தால் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பதில் 1:
டன்னலில் என்கிரிப்ட் ஆன டேட்டாவைச் சுமக்கும் இஎஸ்பி-யை ஃபயர்வாலில் அனுமதித்தீர்களா? அது புரோட்டோகால் எண் 50, போர்ட் 50 அல்ல. நானே ஒருமுறை டிசிபி 50-ஐத் திறந்துவைத்துவிட்டு ராத்திரி முழுக்க முழித்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
ஒரு பக்கம் நாட் (உள் முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றும் ஏற்பாடு) இருக்கிறது. அதனால் இஎஸ்பி எல்லாம் யுடிபி 4500-க்குள்ளேயே பொதிந்து போகிறது. அதுவல்ல பிரச்சினை.

பதில் 2:
சின்னது போகிறது, பெரியது நிற்கிறது என்றால் எம்டியு-தான், அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. என்கிரிப்ஷன் தலைப்புகள் சேர்ந்ததும் 1500 பைட்டுக்குள் அடங்காது. "பாக்கெட் பெரிது, சிறிதாக்கு" என்று திரும்பிவரும் ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைகளைச் சொல்லும் புரோட்டோகால்) டைப் 3, கோட் 4 செய்தியை உங்கள் ஃபயர்வால் விழுங்குகிறதா, பாருங்கள். பாதுகாப்பு என்று ஐசிஎம்பி மொத்தத்தையும் அடைப்பது ஒரு கெட்ட பழக்கம். பிரிக்கக் கூடாது என்ற குறியோடு, அளவைக் குறைத்துக்கொண்டே பிங் அடித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
1372 போகிறது, 1373 போகவில்லை! 28 பைட் தலைப்பைக் கூட்டினால் சரியாக 1400. டன்னல் வழிப் போகும் டிசிபி-க்கு எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவு), 40 பைட் தலைப்பு போக, 1360 என்று வைத்தேன், லாக் ஃபைல் கடகடவென்று ஓடுகிறது. ஐசிஎம்பி-யை அடைத்தது போன மாதம் நான்தான். அப்புறம்தான் ஞாபகம் வந்தது.