தாத்தாவின் ஹெர்குலஸ்: 28 இஞ்ச் டயர் 28 இஞ்ச் ரிம்மில் ஏறவில்லை

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். தாத்தா ஓட்டிய ஹெர்குலஸ், 24 இஞ்ச் ஃப்ரேம், கம்பி பிரேக் (ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பி இழுத்துப் பிடிக்கும் பிரேக்). ஏழெட்டு வருஷமாக மாட்டுக்கொட்டகையில் சாய்ந்து கிடந்தது. அதைத் தேற்றி எடுத்து, திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்கு வேலைக்கு ஓட்டிப்போக வேண்டும் என்று ஆசை. ஏறக்குறைய 13 கிலோமீட்டர். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலம் ஏறி இறங்க வேண்டும்.

பழைய டயரில் 28 × 1½ என்று இருந்தது. ஆன்லைனில் 28 இஞ்ச் என்று தேடி 700 × 35 டயர் இரண்டு, ட்யூபோடு வாங்கிவிட்டேன். டயரின் பக்கவாட்டில் 28 × 1⅝ × 1⅜ என்றும் போட்டிருக்கிறது. ஆனால் ஒரு பக்கம்கூட ரிம்முக்குள் இறங்கவில்லை. நெம்பியதில் லீவர் உடைந்ததுதான் மிச்சம். விற்றவர் "28 கேட்டீங்க, 28 கொடுத்தோம்" என்று திருப்பி எடுக்க மறுக்கிறார்.

இன்னும் சில சந்தேகங்கள். கம்பி பிரேக்கை எடுத்துவிட்டு ரேஸ் சைக்கிளில் வரும் பிரேக்கைப் போடலாமா? மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் வலது பக்கம் 'டக்' என்று ஒரு தட்டு கேட்கிறது, அது என்ன? பழைய செயின் இப்படியே ஓடுமா?

மலைப்பாதை:
பேசாமல் 700 சைஸ் அலாய் வீல் இரண்டும் வாங்கி மாட்டிவிடுங்கள். வாங்கிய டயரும் வீணாகாது, வெயிட்டும் குறையும்.

வாடகை சைக்கிள்:
தம்பி, முதலில் அந்த டயரை நெம்புவதை நிறுத்துங்கள். உள்விளிம்பில் இருப்பது எஃகுக் கம்பி. அது நீளாது, அறுந்துதான் போகும். கெடாமல் இருந்தால் 700 சைக்கிள் வைத்திருக்கும் யாருக்காவது கொடுக்கலாம்.

என் அப்பா காரைக்குடியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் எனக்கு அங்கேதான் வேலை. பாகம் கேட்டு வருகிறவர்களிடம் அவர் சைஸ் கேட்கவே மாட்டார். "பழசைக் கொண்டுவா" என்பார். அதை உள்ளங்கையில் வைத்து, புதியதை அதன்மேல் வைத்துப் பார்த்த பிறகுதான் காசு வாங்குவார்.

28 என்பது காற்றடித்த டயரின் வெளிவிட்டம், அதுவும் தோராயமாக. சின்ன ரிம்மில் தடித்த டயர் போட்டாலும் 28, பெரிய ரிம்மில் சற்று மெல்லிய டயர் போட்டாலும் 28. இரண்டுக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது. நீங்கள் பார்க்க வேண்டியது டயர் போய் உட்காரும் இடத்தின் விட்டத்தை. உங்கள் தாத்தாவின் ரிம்முக்கு அது 635 மில்லிமீட்டர். 700-க்கு 622. புது டயரில் இன்னும் சின்ன எழுத்தில் 37-622 என்று இருக்கும், தடவிப் பாருங்கள். முதல் எண் தடிமன், இரண்டாவது அந்த விட்டம். உங்களுக்கு வேண்டியது 40-635.

என் வார்த்தையை நம்பி வாங்க வேண்டாம். டயரைக் கழற்றி, ரிம்முக்குள் டயர் உட்காரும் இடத்தில் நூலைச் சுற்றி அளந்து பாருங்கள். 635 என்றால் நூல் ஏறக்குறைய 199½ சென்டிமீட்டர் வரும். 622 என்றால் 195½. நாலு சென்டிமீட்டர் வித்தியாசம், தையல்காரர் டேப்பிலேயே தெரிந்துவிடும்.

ட்யூபைத் தூக்கிப் போடாதீர்கள். ரப்பர்தானே, 635-க்கும் இழுத்துக்கொள்ளும். வால்வை மட்டும் கவனியுங்கள். மோட்டார் பைக்கில் வருகிற தடித்த வால்வு என்றால், வால்ட்யூப் (சின்ன ரப்பர் குழாய்) போட்ட பழைய வால்வுக்கு இருந்த ஓட்டையிலேயே பெரும்பாலும் போய்விடும். ரேஸ் சைக்கிளின் ஒல்லி வால்வு என்றால் ஓட்டையில் ஆடும், வளையம் போட வேண்டும்.

மலைப்பாதை சொன்ன வீல் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் பக்கத்தில் பிடிப்பதில்லை. போக்ஸ் கம்பி இருக்கும் உள்பக்கத்தில், கீழிருந்து மேலே இழுத்துப் பிடிக்கிறது. அதற்கென்று வளைத்த ரிம் அது. அலாய் ரிம்மில் அந்த இடமே இல்லை, ரிம்மும் ஆறரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப்போகும். இப்போது வருகிற முன் ஹப்புக்கு (வீலின் நடுப்பகுதிக்கு) ஃபோர்க்கில் (முன் வீலைப் பிடிக்கும் கவட்டையில்) 100 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பழைய ஃபோர்க்கில் அவ்வளவு இருக்காது, அச்சு நுழையும் வெட்டும் ஒல்லி. அரத்தால் ராவி அகலப்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முன் ஃபோர்க்கில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். உயிர் அதில்தான் இருக்கிறது.

ரேஸ் பிரேக்குக்கும் பதில் இதுதான். அது பக்கவாட்டில் கடிக்கும், உங்கள் ரிம்மின் பக்கம் உருண்டையாக இருக்கிறது. புதுக் கட்டை நாலு வாங்கி, கம்பி மூட்டுகளைச் சரியாக இறுக்கினால் கம்பி பிரேக் நன்றாகவே பிடிக்கும். மழையில் மட்டும் குரோமியம் ரிம் வழுக்கும். பாலம் இறங்கும் முன்பே லேசாகப் பிடித்துக்கொண்டே வாருங்கள், தண்ணீர் வழிந்துவிடும்.

'டக்' சத்தம் காட்டர் பின்னாக இருக்கலாம். கிராங்கை (பெடலைத் தாங்கும் கையை) நடு அச்சோடு பிடித்து வைக்கும் ஆப்பு அது. இரண்டு கிராங்கையும் தரைக்குச் சமமாக நிறுத்தி, இரண்டு பெடலையும் ஒருசேர அமுக்குங்கள். அப்புறம் பெடலை அரைச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி அமுக்குங்கள். வலது கிராங்க் மட்டும் துளி அசைந்தால் பின் தேய்ந்திருக்கிறது. இந்தப் பின்னில் 9 மில்லிமீட்டர் தடிமனும் உண்டு, 9.5-உம் உண்டு. பத்தாவது படிக்கும்போது 9.5 ஓட்டையில் 9-ஐ அடித்து ஒரு வண்டியை வாடகைக்கு அனுப்பிவிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது கிராங்க் ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது. கிராங்கையே மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் பழைய பின்னைக் கையோடு கொண்டுபோங்கள்.

அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் ஒரு கனமான பைப்பை முட்டுக்கொடுங்கள். இல்லையென்றால் அந்த அடி முழுக்க உள்ளே பால்ரஸ் மேல் விழும். நட்டைத் திருகிப் பின்னை உள்ளே இழுக்கக் கூடாது. சுத்தியலால் இறக்கிவிட்டு, அப்புறம் நட்டை இறுக்க வேண்டும். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும், இல்லையென்றால் இரண்டு கிராங்கும் நேர்க்கோட்டில் நிற்காது.

செயின் தேய்ந்து நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவில் தொடங்கி, 12 இஞ்சில் வர வேண்டிய பின் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
ரொம்ப நன்றி அக்கா. நூல் 199½ வந்தது. புது டயரில் 37-622 என்றே இருக்கிறது, இத்தனை நாள் கண்ணில் படவில்லை. வால்வு தடித்ததுதான். காட்டர் பின்னைக் கழற்றினேன். சப்பையான பக்கத்தின் நடுவில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம். தஞ்சாவூரில் கடைக்காரர் வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்து 9.5 என்றார். போட்டதும் சத்தம் நின்றுவிட்டது. 40-635 டயரும் அங்கேயே கிடைத்தது.

செயின் 12 இஞ்சுக்கு மேல் 4 மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது. செயினை மட்டும் மாற்றினால் போதுமா?

பழைய இரும்பு:
போதாது. ஒன்றரை மில்லி நீண்டபோதே மாற்றியிருந்தால் செயினோடு போயிருக்கும். 3 மில்லி தாண்டினால் ஃப்ரீவீல் (பின்வீலில் இருக்கும் பல்சக்கரம்) பல்லும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் ஏறி வழுக்கும். செயின் ½ × ⅛ என்று கேட்டு வாங்குங்கள். கியர் சைக்கிளின் 3/32 செயின் ஒல்லியாக இருக்கும், உங்கள் பல்லில் உட்காராது.

வாடகை சைக்கிள்:
ஆமாம் தம்பி, இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஐந்து பாலம் என்கிறீர்களே, பின்னால் எத்தனை பல் என்று எண்ணுங்கள். 18 என்றால் 22 போடலாம். முன்னால் 44 பல் இருந்தால் இப்போது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி ஐந்தரை மீட்டர் போகும், 22-இல் நாலரை மீட்டர். சமதரையில் கொஞ்சம் வேகம் குறையும். ஆனால் பாலத்தில் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்காது. முழுச் செயின் கவர் என்றால் 22 உரசுமா என்று முதலில் பாருங்கள், உரசினால் 20 போதும்.

புது ஃப்ரீவீலைக் கையாலேயே இரண்டு சுற்று ஏற்றிப் பாருங்கள். மரை சரி என்றால் சுகமாக ஏறும். சாய்ந்து பிடித்தால் பலம் கொடுக்காதீர்கள், கழற்றி மறுபடி நேராக வையுங்கள்.

பெரிய பல்லுக்குச் செயின் கூடுதலாக வேண்டும். பழைய செயினின் கண்ணிகளை எண்ணி அதே கணக்கில் வெட்டினால் பின்வீல் முன்னால் நகர்ந்துவிடும். அப்போது பின் பிரேக் கட்டை ரிம்மில் சரியான இடத்தில் உட்காராது. முதலில் கட்டைக்கு நேராக வீலை நிறுத்துங்கள், அப்புறம் செயினைச் சுற்றிப் பார்த்து வெட்டுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
எண்ணிவிட்டேன், பின்னால் 18, முன்னால் 44. பாதிச் செயின் கவர்தான், 22 வாங்கிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீலைக் கட்டைக்கு நேராக நிறுத்திவிட்டு, செயினை வெட்டும் முன் படம் எடுத்துப் போடுகிறேன் அக்கா. பார்த்துச் சொன்ன பிறகே வெட்டுகிறேன்.