கேமன் தீவில் திருக்கை பார்க்கப் போவது: கப்பலில் எடுப்பதா, வெளியில் எடுப்பதா?

கல்லடி ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மார்ச்சில், கனடாவில் பள்ளிக்கூட லீவு விடுகிற நேரம், மகன் குடும்பத்தோடு மியாமியில் கப்பல் ஏறிக் கரிபியன் பக்கம் போகிறோம். நான், இவர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. கப்பல் நிற்கிற இடங்களில் ஒன்று கிராண்ட் கேமன். காலை எட்டு மணிக்கு வருகை, பின்னேரம் நாலு மணிக்குப் புறப்பாடு என்று போட்டிருக்கிறது.

அங்கே கடலுக்குள் ஒரு மணல்திட்டு இருக்கிறதாம். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் திருக்கைகள் வந்து காலைச் சுற்றுமாம். பேரன் வீடியோ பார்த்த நாளில் இருந்து அதே பேச்சு. இவர் சொல்கிறார், "நாவலடியில வலையில விழுந்தா வாலை வெட்டிப்போட்டு கிலோக் கணக்கில விக்கிற மீன். அதைக் காசு குடுத்துத் தடவப் போறீங்களாக்கும்" என்று.

சண்டை அதில் இல்லை. கப்பல் கொம்பனி மூலம் இந்த டூரை எடுத்தால் ஒரு விலை. தீவில் உள்ள படகுக்காரரிடம் நேரே எடுத்தால் ஏறத்தாழப் பாதி விலை, அதிலும் பவளப்பாறையில் ஸ்நோர்கலிங் (முகமூடி போட்டு மிதந்துகொண்டு கடலடியைப் பார்ப்பது), நட்சத்திர மீன் கரை எல்லாம் சேர்த்து. மருமகள் வெளியில் எடுப்போம் என்கிறாள். மகன், "கப்பல் நம்மை விட்டிட்டுப் போனா என்ன செய்யிற?" என்கிறான். என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தும், பாசிக்குடாவில் இடுப்பு மட்டும் இறங்கியதோடு சரி. மூக்குக் கண்ணாடி வேறு, முழங்கால் நோவு வேறு. போய்வந்தவர்கள், கப்பலில் வேலை செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பெரியகல்லாறு கடலோடி:

ரீச்சர், நான் உல்லாசக் கப்பலில் பாதுகாப்புப் பகுதியில் வேலை செய்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். ஏறுகிற வாசலில் நின்று, வருகிறவர்களின் அட்டையை மெஷினில் காட்டி உள்ளே எடுக்கிற வேலை. எங்களுக்கு முன்னால் உள்ள திரையில் 'இன்னும் திரும்பாதவர்கள்' என்று ஓர் எண் இருக்கும். அது இறங்கிக்கொண்டே வரும். இரண்டிலோ மூன்றிலோ வந்து நின்றுவிட்டால் எல்லோருக்கும் பதற்றம். ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிடுவார்கள். பதில் இல்லை என்றால் ஆட்கள் அந்த அறைக்குப் போய் பாஸ்போர்ட்டை எடுத்துக் கரையில் உள்ள ஏஜென்டிடம் கொடுத்துவிடுவார்கள். கப்பல் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்குப் பறந்து போகிற செலவு அவரவர் தலையில். உங்கள் மகன் பயப்படுவதில் பிழை இல்லை.

ஆனால் வெளியில் எடுக்கவே கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். விலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு நேரத்தைக் கணக்குப் பாருங்கள்.

கேமனில் பெரிய கப்பல் அணைகிற இறங்குதுறை கிடையாது. கட்டுவதா வேண்டாமா என்று 2025 ஏப்ரலில் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் தலைநகர் ஜோர்ஜ் டவுனுக்கு வெளியே நங்கூரம் போட்டு, சிறிய படகுகளில்தான் ஆட்களைக் கரைக்கு ஏற்றி இறக்குவார்கள். கப்பலின் டூர் எடுத்தவர்களை முதலில் இறக்குவார்கள். மற்றவர்கள் நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டும். திரும்பும்போதும் அப்படித்தான், வெயிலில் ஒரு வரிசை. நாலு மணிக்குப் புறப்பாடு என்றால் கடைசிப் படகு நாலு மணிக்கு இல்லை. அதற்கு அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ முன்னால் போய்விடும்.

அடுத்தது கடிகாரம். இதில்தான் படித்த ஆட்களும் அகப்படுகிறவர்கள். கேமனில் கோடைகால நேரமாற்றம் இல்லை, வருடம் முழுக்க ஒரே நேரம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிடுவார்கள். நீங்கள் அதற்குப் பிறகு போகிறீர்கள், கப்பலும் மியாமி நேரத்திலேயே ஓடுகிறது என்று வையுங்கள். கப்பலில் மூன்று மணி என்றால் தீவில் இரண்டு மணிதான். கரையில் சிக்னல் கிடைத்தவுடன் போன் தானாகத் தீவின் நேரத்துக்கு மாறிவிடும். நீங்கள் போனைப் பார்த்து, இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கிறது என்று ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். சில கப்பல்கள் தீவின் நேரத்துக்குத் தாங்களும் மாற்றும், சில மாற்றாது. முதல்நாள் இரவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐயாவிடம் பழைய கைக்கடிகாரம் இருந்தால் அதைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், கப்பல் நேரத்தை வைத்து. படகுக்காரர் 'ஒன்பது மணி' என்று எழுதினால், அது எந்த ஒன்பது என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று காற்று. நவம்பரில் இருந்து மார்ச் வரை அந்தப் பக்கம் இடைக்கிடை வடமேல் காற்று கிளம்பும். அன்றைக்கு ஜோர்ஜ் டவுனில் படகு அணைக்க முடியாது. ஒன்றில் தெற்குப் பக்கம் ஸ்பொட்ஸ் என்கிற இடத்தில் இறக்குவார்கள், இல்லாவிட்டால் தீவையே விட்டுவிட்டுப் போவார்கள். கப்பலில் எடுத்த டூர் என்றால் காசு தானாகத் திரும்பி வரும். வெளியில் எடுத்தால் அந்த ஆள் சொல்வதுதான் சட்டம். ஆகவே இரண்டு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: கப்பல் வராவிட்டால் முழுக்காசும் தருவீர்களா? ஸ்பொட்ஸில் இறக்கினால் அங்கே வந்து ஏற்றுவீர்களா? ஒழுங்கான ஆட்கள் இரண்டுக்கும் ஓம் என்று நேரே எழுதுவார்கள். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நான் என்றால் காலை டூரை வெளியில் எடுப்பேன். மத்தியானம் தொடங்குகிறதை என்ன விலைக்குத் தந்தாலும் எடுக்க மாட்டேன்.

ஆரையம்பதி மருமகள், ரொறன்ரோ:

ரீச்சர், நாங்கள் போன வருடம் வெளியில்தான் எடுத்தோம். கரையில் இறங்கி வாசலுக்கு வெளியே வந்தால் பெயர்ப்பலகையோடு ஒருவர் நின்றார். வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், எங்கள் நாட்டைப் போல இடதுபக்கம்தான் ஓடுகிறார்கள். பிறகு படகு. வட பக்கத்துக் குடாக்கடல், நோர்த் சவுண்ட் என்பார்கள், வெளியே பாறைத்தொடர் அலையை மறித்து நிற்பதால் உள்ளே தண்ணீர் தளம்பாது. முன்னர் மீனவர்கள் அந்த அமைதியான தண்ணீருக்குள் வந்துதான் மீனைத் துப்புரவாக்கிக் குடலைக் கடலில் வீசுவார்களாம். அதைத் தின்னப் பழகிய திருக்கைகள் படகுச் சத்தம் கேட்டாலே வரத் தொடங்கி, அப்படியே சுற்றுலா இடமாகிவிட்டது.

பெண் திருக்கைகள்தான் பெரியது. ஐந்தடி அகலம் வரை வளருமாம். முதலாவது என் தொடையில் உரசிக்கொண்டு போனபோது நான் போட்ட சத்தத்தில் படகோட்டி சிரித்துவிட்டார். மேல்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பு, அடிப்பக்கம் வழுவழு என்று வெள்ளை. வாய் அடியில் இருக்கிறது. கணவாய்த் துண்டைக் கையில் பொத்திப் பிடித்தால், மேலே ஏறி உறிஞ்சி எடுக்கும். விரலை மடக்கி வைக்கச் சொல்வார்கள், கேளுங்கள். என் கணவர் விரலை நீட்டி வைத்து ஒரு நல்ல நசுக்கு வாங்கினார். திருக்கைக்கு முத்தம் கொடுத்தால் ஏழு வருட அதிர்ஷ்டம் என்று வேறு ஒரு கதை. நான் கொடுக்கவில்லை.

எனக்குப் பிடிக்காதது சனம். அன்றைக்குத் துறைமுகத்தில் நாலு கப்பல். மணல்திட்டில் மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் மாதிரி இருந்தது. நீங்கள் போகிற நாளில் எத்தனை கப்பல் வருகிறது என்று துறைமுக அட்டவணையை இணையத்தில் பாருங்கள். கூட்டமான நாள் என்றால், காலையில் முதல் புறப்படுகிற சிறிய படகை எடுங்கள். கப்பலின் டூரில் பெரிய படகில் அள்ளிப் போட்டுக்கொண்டு போவார்கள், விலை வித்தியாசத்தை விட எனக்கு அதுதான் பெரிய காரணம்.

காசு விஷயம்: அமெரிக்க டொலர் எங்கேயும் எடுப்பார்கள். ஆனால் விலை கேமன் டொலரில் போட்டிருக்கும். ஒரு கேமன் டொலர் 1.20 அமெரிக்க டொலர். மலிவு என்று நினைத்து எடுத்த பிறகு கணக்கு ஏறும்.

வாழைச்சேனை சுழியோடி:

நான் பாசிக்குடாவில் வெள்ளைக்காரரை ஸ்நோர்கலிங் கூட்டிக்கொண்டு போகிறவன். கேமனுக்குப் போனதில்லை, திருக்கையைத் தெரியும். காட்டு உயிருக்குச் சாப்பாடு கொடுத்துப் பழக்குகிற வேலை எனக்குப் பிடிக்காது. இரவில் இரை தேடுகிற பிராணியைப் பகலில் அலைய வைத்திருக்கிறார்கள். சரி, பேரன் ஆசைப்பட்டுவிட்டான், அதைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை.

அந்தத் திருக்கைகளின் முள்ளை வெட்டி விடுவதில்லை. வாலில் முழு முள்ளும் இருக்கிறது. அது தானாக வந்து குத்தாது. மிதித்தால்தான் வாலைத் தூக்கி அடிக்கும். நம்முடைய கரைவலைக்காரர் செய்வது போலக் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசி உரசி நடவுங்கள். சின்னப்பிள்ளையை இறக்கி விடாமல் மகன் இடுப்பில் வைத்துக்கொள்ளட்டும். காலில் செருப்பு, சப்பாத்து போடக் கூடாது என்பது அங்கே விதி. திருக்கையைத் தண்ணீருக்கு மேலே தூக்குவதும் தடை. டூரைப் பதிவு செய்கிறதுக்கு முன்னால் அந்தப் படகுக்காரரின் படங்களைப் பாருங்கள். திருக்கையை வெளியே தூக்கி ஆட்களின் முதுகில் போட்டுப் படம் எடுத்திருந்தால், அவர் விதியை மதிக்காத ஆள். அப்படிப்பட்டவர் உங்கள் நேரத்தை மட்டும் மதிப்பார் என்று நான் நம்ப மாட்டேன்.

தப்பித்தவறிக் காலில் முள் ஏறினால் தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் காலை வைத்திருக்க வேண்டும், 45 பாகை செல்சியஸ் மட்டில். அந்த நஞ்சு புரதம், சூட்டில் குலைந்துவிடும், நோவு இறங்கும். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தினால் மட்டும் முள்ளைப் பிடுங்கவே கூடாது. 2006 செப்டம்பரில் அவுஸ்திரேலியாவில், டிவியில் முதலை பிடித்துக் காட்டுகிற ஸ்டீவ் இர்வின் இறந்தது திருக்கை முள் நெஞ்சில் ஏறித்தான். கேமனில் நீங்கள் நிற்கப்போவது இடுப்பளவுத் தண்ணீரில், ஆட்களும் பக்கத்தில். பயப்பட ஒன்றுமில்லை, குனிந்து வாலுக்கு மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

உங்களுக்கு உண்மையில் கஷ்டம் திருக்கை இல்லை ரீச்சர், அடுத்த நிறுத்தம். பவளப்பாறை பார்க்கிற இடத்தில் கால் எட்டாது. லைஃப் ஜக்கெட் தருவார்கள், ஆனால் முகமூடியை முதன்முதலில் அங்கே போட்டுப் பழகுவது சரிவராது. மாரி பிறக்க முன்னர் பாசிக்குடாவுக்கு வாருங்கள், கடல் இப்போது குளம் போலத்தான் கிடக்கிறது. முகமூடி அளவு பார்க்கிற முறை: பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. மூக்குக் கண்ணாடிக்கு மேலே முகமூடி போட முடியாது. பவர் வைத்த முகமூடி கிடைக்கும், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஐயாவுக்கு மீசை இருக்கிறதா?

கல்லடி ரீச்சர்:

தம்பிமாருக்கும் தங்கச்சிக்கும் நன்றி. இதை அப்படியே மகனுக்கு அனுப்பினேன். கைக்கடிகாரம் எடுத்துக்கொண்டு போவது என்று இவர் உடனே தயார், அது ஒன்றுக்குத்தான் இவருக்குச் சந்தோஷம். அட்டவணையில் அன்றைக்கு மூன்று கப்பல் காட்டுகிறது. மகன் இரண்டு படகுக்காரருக்கு எழுதினான். ஒருவர் கப்பல் வராவிட்டால் முழுக்காசும், ஸ்பொட்ஸ் என்றாலும் வந்து ஏற்றுவோம், திரும்ப ஒரு மணிக்கு முன்னால் ஜோர்ஜ் டவுனில் விடுவோம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். மற்றவர் 'கவலைப்பட வேண்டாம்' என்று மட்டும்.

ஓம் தம்பி, மீசை இருக்கிறது. கட்டபொம்மன் மீசை. என் முழங்காலுக்குப் படகில் ஏறி இறங்குவது எப்படி?

பெரியகல்லாறு கடலோடி:

முதலாவது ஆளைப் பிடியுங்கள். ஒரு மணி என்பது எந்த ஒரு மணி என்று மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

முழங்கால் விஷயத்தில், மணல்திட்டில் படகின் பின்பக்கத்தால் ஏணியில் இறங்க வேண்டியிருக்கும். ஏணி எத்தனை படி, கைபிடி இருக்கிறதா என்று படம் அனுப்பச் சொன்னால் அனுப்புவார்கள். அதைவிடக் கப்பலில் இருந்து கரைப்படகுக்கு மாறுகிற இடத்தில் கவனம், இரண்டும் தனித்தனியாக ஆடும். வேலை செய்கிறவர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடிப்பார்கள், கையில் பையை வைத்திருக்காதீர்கள். பிறகு, அமெரிக்க விசா ஒரு தடவைக்கு மேல் உள்ளே விடுகிறதா என்று பாருங்கள். மியாமியில் ஏறி வெளியே போய்த் திரும்பவும் மியாமிக்குள் வருகிறீர்கள்.

வாழைச்சேனை சுழியோடி:

மீசையை மழிக்கத் தேவையில்லை. மூக்குக்குக் கீழே, ரப்பர் படிகிற ஒரு விரற்கடை அகலத்தை மட்டும் ஒட்ட வெட்டினால் தண்ணீர் கசியாது. அதற்கும் ஐயா ஒத்துக்கொள்ளாவிட்டால் பவளப்பாறை நேரம் படகில் இருந்து உங்கள் பையைப் பார்த்துக்கொள்ளட்டும்.