ஒரே கிணற்றுக்கு இரண்டு விடை, எதை நம்புவது?

நண்பர்களே, ஒரு ஆழ்துளைக் கிணற்றின் அளவுகளை வைத்து நீர்த்தாங்கியின் (நிலத்தடி நீரைத் தேக்கித் தரும் அடுக்கு) கடத்துதிறனை, அதாவது அது எவ்வளவு எளிதாக நீரைக் கடத்துகிறது என்பதைக் கணக்கிடப் பார்க்கிறேன், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். நாளுக்கு 518 கனமீட்டர் வீதம் 8 மணி நேரம் விடாமல் இறைத்தோம், முடிவில் நீர்மட்டம் 9.5 மீட்டர் இறங்கியிருந்தது. கண்காணிப்புக் கிணறு கிடையாது, இறைத்த கிணற்றிலேயேதான் அளந்தோம்.

நேரத்தோடு மட்டம் இறங்கும் கோட்டின் சாய்விலிருந்து கடத்துதிறனைக் காணும் கூப்பர்-ஜேக்கப் முறையில், செமிலாக் தாளில் (நேர அச்சு மட்டும் மடக்கை அளவில் இருக்கும் வரைபடத் தாள்) புள்ளி வைத்தேன். 10 நிமிடத்திலிருந்து 100 நிமிடம் வரை மட்டம் 0.9 மீட்டர் இறங்குகிறது, அழகான நேர்கோடு, 2.3-ஐ இறைப்பு வீதத்தால் பெருக்கி 4π, 0.9 இரண்டாலும் வகுத்தால் நாளுக்கு 105 சதுரமீட்டர் வருகிறது. சரி, ஆனால் இறைப்பு வீதத்தை மொத்த இறக்கத்தால் வகுத்தால் 55-தான் கிடைக்கிறது. வடிகட்டிக் குழாய் வழியாக நீர் நுழையும்போது ஏற்படும் இழப்பு அந்த 9.5 மீட்டரில் சேர்ந்திருக்கும், கோட்டின் சாய்வை அது மாற்றாது, அதனால் 105 பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

குழப்பம் அதற்கு அப்புறம்தான். 120 நிமிடத்துக்கு மேல் சாய்வு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது! பக்கத்தில் நீர் புகாத பாறை எல்லை இருப்பதன் அடையாளமா, இல்லை ஒரு பிளவு வற்றிப் போனதா? முதல் கோட்டை மட்டும் எடுத்தால் போதுமா? பம்பை நிறுத்திய பிறகு மட்டம் ஏறியதையும் 2 மணி நேரம் குறித்து வைத்திருக்கிறேன், அதை வைத்துச் சரிபார்த்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள், அளவுகள் முழுவதையும் அனுப்புகிறேன்.