பரோலோ வைன்: எந்த அறுவடை ஆண்டை வாங்குவது, எப்போது திறப்பது? உறுப்பினர்களின் அனுபவங்கள்

பேர்னிலிருந்து ஓர் உறுப்பினர்:

இத்தாலியின் வடமேற்கில் நெபியோலோ திராட்சையில் செய்யப்படும் சிவப்பு வைனான பரோலோவை வாங்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் "எது நல்ல ஆண்டு?" என்றுதான் கேட்கிறார்கள். கடைக்காரர் 2010 என்பார், 2016 என்பார், அதில் பொய்யில்லை. ஆனால் நெபியோலோ திராட்சையைப் பொறுத்தவரை, பேரெடுத்த ஆண்டுகள் பெரும்பாலும் நம்மை நெடுங்காலம் காக்க வைக்கும் ஆண்டுகள் என்பதை அவர் சொல்வதில்லை. துவர்ப்பும் புளிப்பும் ஒருசேர ஓங்கிய திராட்சை இது. ஒக்டோபர் வரை கொடியில் நின்று, குளிர்ந்த இரவுகளில் மெல்லப் பழுத்த ஆண்டில் அவை இரண்டும் குறையாமலே போத்தலுக்குள் வந்துவிடுகின்றன. சட்டப்படி பரோலோ 38 மாதங்கள் முதிர வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில் கழிய வேண்டும். ரிசேர்வா எனப்படும், கூடுதலாக முதிரவைத்த வகை என்றால் 62 மாதங்கள். இவ்வளவு முதிர்ந்து வந்ததை இனியும் ஏன் வைத்திருக்க வேண்டும் என்று, 2010 சந்தைக்கு வந்த மறு ஆண்டே அதைத் திறந்த நண்பர் ஒருவரின் விருந்தில் நானும் இருந்தேன். ரோஜா மணமும் தாரின் வாசமும் நன்றாகவே எழுந்தன; வாயில் வைத்ததும் கடுக்காயைக் கடித்தாற்போல் ஈறுகள் இறுகிப்போயின. அதே மேசையில் 2011உம் இருந்தது. கோடையின் கடைசி வெப்பத்தில் விரைந்து பழுத்த அந்த ஆண்டுக்கு விமர்சகர்கள் 2010க்குக் கொடுத்த இடத்தைக் கொடுக்கவில்லை. அன்றிரவு முதலில் காலியானது அதுதான்.

ஆகவே புகழ் குறைந்த ஆண்டுகளைக் குடிப்பதற்கும், புகழ் பெற்ற ஆண்டுகளை வைப்பதற்கும் என்று பிரித்தே வாங்குகிறேன். ஆண்டைவிடத் தயாரிப்பாளரையே முதலில் பார்க்கிறேன். 2002இல் மழையும் செப்டெம்பர் மாத ஆலங்கட்டியும் பரோலோவைப் பாழாக்கின. பல தயாரிப்பு இல்லங்கள் அந்த ஆண்டு பரோலோவை வெளியிடவே இல்லை. ஆனால் ஜாகொமோ கொன்தெர்னோ இல்லம் தனது தலைசிறந்த வைனான மொன்பொர்த்தீனோவை அதே ஆண்டில் செய்து, பின்னர் வெளியிட்டது. இன்று அது அவர்களின் சிறந்த அறுவடைகளோடு வைத்துப் பேசப்படுகிறது. மொன்பொர்த்தீனோவின் விலை நம் போன்றோருக்கு எட்டாது என்பது வேறு கதை. எட்டக்கூடியது, அதே நெபியோலோவில் செய்யப்படும் அண்டை வைனான பார்பரெஸ்கோ; அதைச் செய்வது பார்பரெஸ்கோ ஊரில் 1958இல் தொடங்கிய உழவர் கூட்டுறவான ப்ரொதுத்தோரி. நல்ல ஆண்டுகளில் அவர்கள் அசீலி, ரபாயா, மொந்தெஸ்தேபானோ என ஒன்பது தோட்டங்களைத் தனித்தனி ரிசேர்வாவாக வெளியிடுகிறார்கள். மனம் நிறையாத ஆண்டில் அந்தத் தோட்டங்களின் பழமும் சாதாரண பார்பரெஸ்கோவிலேயே சேர்ந்துவிடுவதால், விமர்சகர் கைவிட்ட ஆண்டில் மலிவான போத்தலை வாங்குபவருக்குத்தான் ஆதாயம் அதிகம்.

ஆண்டைப் போலவே, பரோலோ வைன் எந்த ஊரில் விளைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். லா மொர்ரா, பரோலோ ஆகிய ஊர்களின் மண்ணில் விளைந்தது ஓரளவு முன்னதாகவே இளகிவிடுகிறது. செர்ரலுங்கா, மொன்போர்த்தே பக்கத்து வைன் ஒரே ஆண்டினதாயினும் இன்னும் பல ஆண்டுகள் இறுக்கமாகவே இருக்கும். 2013ஐ இவ்விரு பக்கங்களிலிருந்தும் வாங்கி அருகருகே வைத்துச் சுவைத்தால், ஆண்டுப் பட்டியல்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விளங்கும்.

சுவிசிலிருந்து காரில் போய் வாங்கி வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: சாராயம் 18 வீதத்துக்கு மேற்படாத மதுவில் ஆளுக்கு 5 லீற்றர் வரை தீர்வையில்லை, ஆறு போத்தல் பெட்டி ஒன்று 4.5 லீற்றர்தான். அதற்கு மேல் லீற்றருக்கு 2 பிராங். பெறுமதி சேர் வரி வேறாகக் கணக்கிடப்படும்.

வைக்கும் இடத்தைப் பற்றி: இங்குள்ள குடியிருப்புகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே ஒரு நிலவறை தரப்படுவது நமக்கு வாய்த்த வசதி. ஆனால் புதிய கட்டடங்களில் அதன் பக்கத்திலேயே வெப்பமூட்டும் அறை இருக்கும். மண் தரை கொண்ட பழைய கட்டடத்து நிலவறையில் குளிர்காலத்தில் 9 பாகை, கோடையில் 16 பாகை என்று மெதுவாக ஏறி இறங்குவதால் கெடுதல் ஒன்றும் நேர்ந்ததில்லை. ஒரே நாளுக்குள் ஏறி இறங்குவதுதான் தக்கையைத் தளர்த்தும். ஈரம் மிகுந்தால் போத்தலின் மேலுள்ள லேபிள் பூஞ்சை பிடிக்கும். பின்னாளில் விற்க நினைப்பவர்களே அதற்காகக் கவலைப்பட வேண்டும்.

மிலானிலிருந்து ஓர் உறுப்பினர்:

பேர்ன் நண்பர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இத்தாலியின் டஸ்கனிப் பகுதிச் சிவப்பு ஒயினான புருனெல்லோ தி மொந்தால்சினோவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்பது என் அனுபவம். சாஞ்சோவேசே என்ற திராட்சையை மட்டுமே கொண்டு செய்யப்படும் அந்த ஒயின், அறுவடைக்குப் பின் ஐந்தாவது ஆண்டின் ஜனவரி 1ஆம் தேதிதான் கடைக்கு வரலாம். 2015 போன்ற வெயில் மிகுந்த ஆண்டில் அது வந்தவுடனேயே இனிய முகம் காட்டுகிறது; அந்த ஆண்டுக்குப் புகழும் உண்டு, காத்திருப்பும் குறைவு. 2016ஐத்தான் நான் தொடாமல் வைத்திருக்கிறேன். மழை பெய்து கெடுத்த 2014இல் புருனெல்லோவைத் தேடாமல், அதே தோட்டங்களின் இளைய ஒயினான ரொஸ்ஸோவை வாங்கினேன். நல்ல பழத்தை அதற்குள் இறக்கிய தயாரிப்பாளர்களும் அந்த ஆண்டில் இருந்தார்கள்.

எனக்கு நிலவறை கிடையாது, நான்காம் மாடி. 13 டிகிரியில் வைத்த மின்சார அலமாரி ஒன்றுதான். அதனால் முதிர்ந்த பாட்டில்களைக் கடையிலேயே வாங்க வேண்டிய நிலை. ஒருமுறை 1997 பரோலோ ஒன்றைக் கண்ணாடி அலமாரியில், விளக்கின் கீழ், நிமிர்த்தி வைத்திருந்த கடையிலிருந்து வாங்கினேன். உள்ளே இருந்தது வேகவைத்த உலர்திராட்சையின் வாசமும் வற்றிய சாறும்தான். 1997 வெயில் ஆண்டு, அதனால் அப்படித்தான் இருக்கும் என்றார் கடைக்காரர். அதே ஆண்டை நல்ல நிலவறையிலிருந்து எடுத்துக் குடித்தவர்கள் அதை ஒப்ப மாட்டார்கள். பழைய பாட்டிலை வாங்கும்போது கழுத்தில் ஒயின் எவ்வளவு இறங்கியிருக்கிறது, தக்கை மேலெழும்பியிருக்கிறதா, எங்கே வைத்திருந்தார்கள் என்பவற்றைப் பார்ப்பதற்கே இப்போது ஆண்டைவிட முதலிடம் கொடுக்கிறேன்.

நம் சமையலோடு சேர்ப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. மிளகாய்க் காரம் நெபியோலோவின் துவர்ப்பையும் சாராயச் சூட்டையும் கூட்டிக் காட்டுகிறது. வற்றல் மிளகாய் அரைத்த ஆட்டுக்கறிக் குழம்போடு இளம் பரோலோவைத் திறப்பது இரண்டுக்கும் கேடு. மிளகு மட்டும் போட்டு வறுத்த கறி, முதிர்ந்த ஒயினோடு நன்றாகவே சேர்ந்தது.

பேர்னிலிருந்து மீண்டும்:

மிலான் சகோதரியின் 2015 வாதம் நியாயமானது. புருனெல்லோவை நான் அதிகம் வாங்கியவன் அல்ல.

பழைய போத்தலைத் திறக்கும் முறையைச் சிலர் கேட்டிருந்தீர்கள். முதல் நாளே நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் தங்கிவிடும். நெபியோலோவின் மண்டி மிக மென்மையானது, கலங்கினால் கசக்கும். தக்கை நொறுங்கும் என்று தோன்றினால், திருகியை விட்டு இரண்டு தகடுகள் கொண்ட திறப்பானால் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். இளம் பரோலோவைக் குடுவையில் ஊற்றிப் பல மணி நேரம் வைக்கலாம். 1996, 1999 போன்ற முதிர்ந்தவற்றை நான் குடுவைக்கு மாற்றுவதில்லை. தக்கையை மட்டும் எடுத்துவிட்டுக் காலையிலிருந்து மாலைவரை குளிர்ந்த அறையில் விட்டுவைப்பேன்.

2016 பரோலோவை இப்போது திறக்கலாமா என்ற கேள்விக்கு: லா மொர்ரா என்றால், ஒன்றுக்கு மேற்பட்ட போத்தல்கள் உங்களிடம் இருந்தால், ஒன்றைத் திறந்து பாருங்கள். செர்ரலுங்கா என்றால் தொடாதீர்கள். அதற்குள் 2014ஐயும் 2017ஐயும் முடித்துவிடலாம்.