மானிய எண்ணெய் எந்த இடத்தில் கசிகிறது, அடைப்பது எப்படி?

செம்பவாங் கதிர் (கேள்வி)

வணக்கம். ஜொகூர் பாருவில் மானிய பெட்ரோல் (ரோன்95 வகை) வரும் மஞ்சள் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிங்கப்பூர்ப் பதிவுக் கார் ஒன்றின் படம் அடிக்கடி கைப்பேசியில் சுற்றுகிறது. அதற்கு வரும் கருத்துகளைப் படித்தால், மலேசியாவின் எண்ணெய் மானியம் முழுவதையும் நம்மவர்களே கரைத்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அளவு எங்கே போகிறது? மலேசிய அடையாள அட்டையான மைகாட்டைச் செருகி மானிய பெட்ரோல் நிரப்பும் பூடி95 முறை அந்தக் கசிவை அடைக்குமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். மானியத்தைக் குறைத்த நாடுகளில் சிலவற்றில் தெரு பற்றி எரிந்தது, சிலவற்றில் அமைதியாக முடிந்தது. எந்தப் படியை முதலில் வைத்தார்கள் என்பதுதான் வித்தியாசமா? தொழில் தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

டிப் குச்சி

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். பூடி95 2025 செப்டம்பர் 30 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் நடைமுறைக்கு வந்தபோது மானிய விலை லிட்டருக்கு 1.99 ரிங்கிட், மானியமில்லாத ரோன்95 விலை 2.60. இடைவெளி 61 சென். 50 லிட்டர் கார் டேங்க் ஒன்றை முழுக்க நிரப்பினால் 30 ரிங்கிட் 50 சென் மானியம் கைமாறுகிறது.

இப்போது டீசலைப் பாருங்கள். 2024 ஜூன் 10 அன்று மலேசியத் தீபகற்பத்தில் நிலைய விலை 2.15இலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அதாவது அதுவரை ஒவ்வொரு லிட்டரிலும் 1.20 ரிங்கிட் இடைவெளி இருந்தது. இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி 1,000 லிட்டர் கொள்ளும். லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் அப்படி ஒரு தொட்டி இருந்தால் அன்று ஒரு நடைக்கு 1,200 ரிங்கிட் மானியம் போனது. நாற்பது கார்கள் சேர்ந்து நிரப்பினால் வரும் தொகை அது. படத்தில் சிக்குவது கார், பணம் போவது லாரியில்.

லாரி ஒரே நிலையத்தில் 1,000 லிட்டர் நிரப்பாது. ஐந்தாறு நிலையங்களில் 150, 200 என்று பிரித்து நிரப்பும். வண்டியின் சொந்த டேங்கிலிருந்து சிறு பம்ப் ஒன்று பின்னால் இருக்கும் தொட்டிக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு கிடங்கில் இறக்கி, சந்தை விலை கொடுக்க வேண்டிய தொழிற்சாலைக்கோ கட்டுமானத் தளத்துக்கோ நடு விலைக்கு விற்பார்கள். மீன்பிடிப் படகு டீசலுக்குக் கரை திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. அது 1.65 ரிங்கிட்டுக்கு வாங்கப்பட்டது, கடலிலேயே இன்னொரு கப்பலுக்குக் கைமாறலாம்.

இதைப் பிடிக்கச் சாலையில் ஆள் நிறுத்துவதைவிட நிலையத்தின் அன்றாடக் கணக்கைப் பார்ப்பது பலன் தரும். காலை இருப்பு, வந்திறங்கிய அளவு இரண்டையும் கூட்டி, பம்பின் டோட்டலைசர் காட்டும் விற்பனையைக் கழித்தால் மாலை இருப்பு வர வேண்டும். டோட்டலைசர் பூஜ்யத்துக்குத் திருப்ப முடியாத எண்ணி, எனவே அதை அடிப்படையாக வைக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்காவிட்டால் நல்ல நிலையக்காரரைத் திருடனாக்கிவிடுவோம். பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும். 30,000 லிட்டர் ஏற்றிய டேங்கர் லாரி, நிலத்தடித் தொட்டியில் இறக்கியபின் 5 டிகிரி குளிர்ந்தால் 150 லிட்டர் 'காணாமல்' போகும். வெப்பநிலை திருத்தம் செய்யாத தணிக்கை வெறும் சண்டையில்தான் முடியும். ஒரு நாள் வித்தியாசத்தை வைத்து முடிவு செய்யாமல், முப்பது நாள் வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். இயல்பான பிழை இரு பக்கமும் ஊசலாடும், திருட்டு ஒரே பக்கம் சாயும்.

புக்கிட் பாத்தோக் கணக்கர்

டிப் குச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நிலையக் கணக்கு நேராக இருந்தாலும் திருட்டு நடக்கலாம். டோட்டலைசர் 200 லிட்டர் விற்றதாகக் காட்டும், அது உண்மையும்கூட. யாருக்கு விற்றது என்பதுதான் பொய். அங்கேதான் அட்டை வருகிறது.

பூடி95இல் சலுகை ஆளுக்கு, வண்டிக்கு அல்ல. உரிமம் வைத்திருக்கும் குடிமகன் மைகாட்டைப் பம்பிலோ முகப்பிலோ செருகுகிறார், தகுதி சரிபார்க்கப்படுகிறது, மாத ஒதுக்கீட்டிலிருந்து (தொடக்கத்தில் 300 லிட்டர்) கழிகிறது. மின்வழி அழைப்பு வாடகை வண்டி ஓட்டுநர்களுக்குக் கூடுதல் அளவு. தொடக்க விலை, ஒதுக்கீட்டின்படி ஒருவர் ஒரு மாதத்தில் பெறக்கூடிய அதிகபட்ச மானியம் 300 x 0.61, அதாவது 183 ரிங்கிட். இந்த உச்சவரம்புதான் முறையின் உண்மையான பலம். முன்பு ஒருவர் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு எல்லையே இல்லை.

பலவீனமும் அதே இடத்தில்தான். வண்டியோடு இணைக்காததால், உரிமம் இருந்தும் கார் ஓட்டாத தாத்தாவின் அட்டையைப் பேரன் பயன்படுத்தலாம். குடும்பத்துக்குள் நடந்தால் விட்டுவிடலாம். பத்து அட்டைகளை ஒருவர் வாடகைக்கு எடுத்து ஒரு லாரியை நிரப்பினால் அது வேறு கதை. அதற்கு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. ஒரே பம்பில் பத்து நிமிடத்துக்குள் மூன்று வெவ்வேறு அட்டைகள், ஒரே அட்டையில் ஒரு மணி நேரத்தில் இரண்டு முழு டேங்க், மாதக் கடைசி இரவில் மட்டும் மொத்தமாகத் தீரும் ஒதுக்கீடு. இந்த மூன்றையும் கணினியில் விதியாக எழுதி வைத்தாலே கணிசமானவை வெளியே வரும். பிடிபட்ட அட்டையை உடனே முடக்கக் கூடாது. முதலில் குறுஞ்செய்தி, பிறகு விளக்கம் கேட்பு, அதன்பின் முடக்கம். தவறாக முடக்கப்பட்ட நூறு பேர் போதும், முறையின் மேல் நம்பிக்கை போய்விடும்.

லாரி, பேருந்துகளுக்கான தனி அட்டையில் இன்னொரு சோதனை உண்டு: ஓடிய தூரம். கனரக லாரி 100 கிலோமீட்டருக்கு 30 முதல் 40 லிட்டர் குடிக்கும். ஜிபிஎஸ் 3,000 கிலோமீட்டர் காட்டும் மாதத்தில் அட்டை 2,500 லிட்டர் காட்டினால் மீதி எங்கே போனது என்று கேட்கலாம்.

சாயம் போன மண்ணெண்ணெய்

நிறம் சேர்த்தால் போதாதா என்று யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம். டீசலில் கலப்பதற்கு முன் அந்த நிறத்தைக் களிமண் வடிகட்டியில் ஓட்டி எடுத்துவிடலாம். ஐரோப்பாவில் சாயம் போட்ட டீசலுக்கும் இதே வைத்தியம்தான் நடந்தது. அதனால்தான் பிரிட்டனும் அயர்லாந்தும் 2015இல் எளிதில் கழுவ முடியாத வேறு அடையாளப் பொருளுக்கு மாறின.

அடையாளப் பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வழக்கு மன்றத்தில் சாட்சி சொல்லும், திருட்டை நிறுத்தாது. இடைவெளி லிட்டருக்கு இருபது ரூபாயாக இருக்கும்வரை வடிகட்ட ஆள் கிடைப்பார். இந்தியா கடைசியில் செய்தது இடைவெளியையே சுருக்கியது: 2016 ஜூலையிலிருந்து மண்ணெண்ணெய் விலை 25 காசு, 25 காசாக ஏறியது. கலப்படம் செய்பவருக்கு லாபம் மெல்லச் செத்தது.

தோ பாயோ வாசுகி

படி எது முதலில் என்ற கேள்விக்கு வருகிறேன். என் பார்வையில் பணம் கைக்கு வந்தபின்தான் விலை ஏற வேண்டும். வாக்குறுதியை யாரும் டேங்கில் ஊற்ற முடியாது.

ஈரான் 2010 டிசம்பரில் செய்தது நல்ல பாடம். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்ற ரொக்கத் தொகை விலை ஏறுவதற்கு முன்பே வங்கிக் கணக்கில் போடப்பட்டு, எடுக்க முடியாமல் பூட்டி வைக்கப்பட்டது. மக்கள் கணக்கில் தொகையைப் பார்த்தார்கள். விலை ஏறிய நாளில் பூட்டு திறந்தது. தொடக்கம் அமைதியாகவே நடந்தது. தவறு பிறகு வந்தது. விலைவாசி ஏற ஏற அந்தத் தொகையை உயர்த்தவில்லை, சில ஆண்டுகளில் அது பெயருக்கு நின்றது. 2019 நவம்பரில் இரவோடு இரவாக விலை ஏற்றப்பட்டபோது நாடே கொந்தளித்தது.

நைஜீரியா நேர் எதிர். 2012 புத்தாண்டு நாளில் 65 நைராவிலிருந்து 141ஆக ஏற்றினார்கள், கைக்கு எதுவும் வரவில்லை. வேலைநிறுத்தத்துக்குப் பின் 97க்கு இறங்கி வந்தார்கள். அதே ஆண்டு நாடாளுமன்ற விசாரணையில், வந்து சேராத எண்ணெய்க்கே இறக்குமதியாளர்கள் மானியம் வாங்கியது அம்பலமானது. இதைக் கவனியுங்கள்: அங்கே கசிவு பம்பில் இல்லை, துறைமுகத் தாள்களில். மானியத்தை இறக்குமதியாளருக்குக் கொடுத்தால் அவர் காட்டும் ரசீதை நம்ப வேண்டியிருக்கும்.

மலேசியா டீசலில் ஓரளவு சரியாகச் செய்தது. தகுதியுள்ள தனிநபர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் மாதம் 200 ரிங்கிட் ரொக்கம் விலை உயர்வோடு சேர்ந்தே வந்தது. ஆனால் கடலுக்கு அப்பால் இருக்கும் சபா, சரவாக், லாபுவானில் பழைய 2.15 தொடர்ந்தது. அங்கே டீசல் வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள் அதிகம், அந்த நியாயம் புரிகிறது. என்றாலும் ஒரே நாட்டில் இரண்டு விலை இருக்கும்வரை கடற்கரைக் காவலுக்கு வேலை இருக்கும்.

புக்கிட் பாத்தோக் கணக்கர்

வாசுகி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், இந்திய எரிவாயு உருளை இன்னும் தெளிவான உதாரணம். பஹல் திட்டம் 2015 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க வந்தபோது, திட்டத்தில் சேர்ந்தவர்கள் வீட்டு உருளையை முழு விலைக்கே வாங்கினார்கள், மானியம் மட்டும் வங்கிக்குப் போனது. உருளைக்கு விலை ஒன்றானதும் வீட்டு உருளையை உணவகத்துக்குத் தள்ளுவதில் இருந்த லாபம் பெரும்பகுதி போய்விட்டது. முழுதும் போகவில்லை. 14.2 கிலோ வீட்டு உருளைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, 19 கிலோ வணிக உருளைக்கு 18. விலையிலிருந்து மானியத்தை நீக்கியவர்கள் வரி வித்தியாசத்தை விட்டுவைத்தார்கள். வரி வித்தியாசமும் ஒரு விலை இடைவெளிதான், திருடுபவருக்கு இரண்டும் ஒன்று.

செம்பவாங் கதிர்

மிகவும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம் பாக்கி. நம் சிங்கப்பூர் அரசு ஏன் விலை ஏறும்போது பெட்ரோல் தீர்வையைக் குறைப்பதில்லை? இரண்டாவது, மலேசியக் குடியுரிமை உள்ளவர் தினமும் மோட்டார்சைக்கிளில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக வேலைக்கு வந்து போகிறார். அவருக்கு மானியம் உண்டா?

தோ பாயோ வாசுகி

தீர்வையைக் குறைத்தால் அதிகம் நிரப்புபவருக்கு அதிகம் கிடைக்கும், பேருந்தில் போகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. பெரிய கார் வைத்திருப்பவரின் பில்தான் முதலில் குறையும்.

2021 பிப்ரவரியில் இங்கே 98 ஆக்டேன் பெட்ரோல் தீர்வை லிட்டருக்கு 15 காசு ஏறி 79 காசானது, 92, 95 வகைகளுக்கு 10 காசு ஏறி 66 காசு. அதே அறிவிப்பிலேயே மோட்டார்சைக்கிளுக்குச் சாலை வரியில் 60 விழுக்காடு, கார்களுக்கு 15 விழுக்காடு ஓராண்டுக் கழிவு கொடுத்தார்கள். 200 சிசி வரையிலான மோட்டார்சைக்கிள் உரிமையாளருக்கு ரொக்கம் 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), டாக்சி ஓட்டுநர்களுக்குத் தனித் தொகை. பொருளை விநியோகித்துப் பிழைப்பவரின் வண்டிக்கும் பங்களா வாசலில் நிற்கும் காருக்கும் ஒரே லிட்டர் விலை, உதவி மட்டும் வேறு வேறு. 2022இல் எண்ணெய் விலை ஏறியபோதும் தீர்வையைத் தொடவில்லை. குடும்பத்துக்கு 100 வெள்ளி பயனீட்டுக் கட்டண (மின்சாரம், தண்ணீர்) உதவி, டாக்சி, தனியார் வாடகை ஓட்டுநர்களுக்கு 150 வெள்ளி என்று கொடுத்தார்கள். 150 வெள்ளி போதுமா என்று கேட்டால் போதாது என்றே சொல்வேன். முழு நாள் ஓட்டுபவருக்கு அது சில நாள் பெட்ரோல் காசு. தொகை விவாதத்துக்குரியது, கொடுத்த வழி சரியானது.

டிப் குச்சி

இரண்டாவது கேள்விக்கு: வண்டி மலேசியப் பதிவு, ஆள் மலேசியக் குடிமகன், செல்லுபடியாகும் மலேசிய உரிமம் இருக்கிறது என்றால் உண்டு. வேலை சிங்கப்பூரில் என்பதால் தகுதி போகாது. சிறிய மோட்டார்சைக்கிள் டேங்க் 4 முதல் 6 லிட்டர்தான் கொள்ளும், தினமும் முழுக்க நிரப்பினாலும் மாத ஒதுக்கீட்டைத் தொடுவது கடினம்.

சிங்கப்பூர்ப் பதிவு வண்டி என்றால் மைகாட் வைத்திருப்பவர் ஓட்டினாலும் மஞ்சள் குழாய் கூடாது. வெளிநாட்டுப் பதிவு வண்டிக்கு ரோன்95 விற்பதற்கான தடை 2010 முதல் இருக்கிறது. மானியம் இல்லாத விலை கொடுக்கிறேன் என்று சொல்லியும் நிரப்ப முடியாது, ரோன்97தான்.

போகும்போது நம் பக்கத்து விதியையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிங்கப்பூர்ப் பதிவு பெட்ரோல் கார் நில எல்லையைத் தாண்டும்போது டேங்க் முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது. எரிபொருள் முள் முக்கால் கோட்டில் நிற்கிறதே என்று கிளம்பினால், சோதனைச்சாவடி நெரிசலில் எஞ்சினும் குளிர்சாதனமும் ஓடியே அது கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அதிகாரி பார்ப்பது அந்த நேரத்து முள்ளைத்தான். குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள், 500 வெள்ளி வரை அபராதமும் கட்ட வேண்டி வரலாம். முள்ளை ஏமாற்றக் கருவி மாட்டுவது அதைவிடப் பெரிய குற்றம். மூன்று, நான்கு லிட்டர் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்பட்டும்.