கூபர் பெடி – ஊட்னடாட்டா மண் ரோடு: காற்றைக் குறைத்தும் டயர் கிழிந்தது, ஏன்?

மண்வாசனை:
தென் ஆஸ்திரேலியாவில் மாரீயிலிருந்து வில்லியம் கிரீக் வழியாக நேற்று கூபர் பெடி வந்தோம். வில்லியம் கிரீக் தாண்டி 100 கி.மீ. இருக்கும், பின்பக்க இடது டயரின் சைட்வால் (பக்கச்சுவர்) வட்டமாகக் கிழிந்துவிட்டது. கல்லோ ஆணியோ குத்திய அடையாளமே இல்லை. எல்லோரும் சொல்வதுபோல டயர் காற்றழுத்தத்தை 38 பி.எஸ்.ஐ.யிலிருந்து 24க்கு இறக்கித்தான் ஓட்டினேன். வேகம் 90, 95. வண்டியில் 4 பேர், மேலே கூடாரம், 60 லிட்டர் தண்ணீர். ஊட்னடாட்டா போய் அல்ஜபக்கினா ரயில் பாலத்தைப் பார்க்க ஆசை. போகலாமா?

செம்மண்:
பழைய டயராக இருக்கும்.

மண்வாசனை:
இல்லைங்க, வாங்கி 4 மாதம்தான்.

மெல்பேர்ன் மாமா:
தம்பி, 24 வைத்தது பிழை இல்லை. 24ல் அவ்வளவு பாரத்தோடு 95 ஓடியதுதான் பிழை. காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் சைட்வால் மடங்கி நிமிரும். வேகம் கூடக் கூட அந்தச் சூட்டிலேயே ரப்பர் வெந்துபோகும். வெளியே காயம் தெரியாது.

காலையில் வெயில் ஏறமுன் அளவுங்கோ. 28ல் தொடங்கி ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டு உடனே திரும்ப அளவுங்கோ. 4 பி.எஸ்.ஐ. கூடியிருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் வேகத்தைக் குறையுங்கோ, இல்லாவிட்டால் கொஞ்சம் காற்று அடியுங்கோ. 4க்கும் குறைவு என்றால் இன்னும் இறக்கலாம். நான் இதை ஒரு டயரைப் பலி கொடுத்துத்தான் படித்தேன்.

செம்மண்:
மாமா சொல்வதுதான் சரி, வாபஸ். ஊட்னடாட்டா 195 கி.மீ. ஸ்டெப்னி இல்லாமல் கிளம்பாதீர்கள், கூபர் பெடியிலேயே டயர் வாங்கிவிடுங்கள். ரோடு திறந்திருக்கிறதா என்று காலையில் பாருங்கள். சின்ன மழைக்கே மூடிவிடுவார்கள், மூடிய ரோட்டில் போனால் அபராதம் பலமாக இருக்கும். நடுவில் போன் சிக்னலை நம்ப வேண்டாம், வண்டிக்கு வண்டி பேசும் யு.எச்.எஃப். ரேடியோவை 40ஆம் சேனலில் வையுங்கள். வண்டி நின்றால் வண்டியோடே இருங்கள், உதவி தேடி நடக்கவே கூடாது. 1960 ஜனவரியில் 50.7 டிகிரி பதிவான ஊர் ஊட்னடாட்டா.

மண்வாசனை:
ஊட்னடாட்டாவிலிருந்து எழுதுகிறேன். 28ல் கிளம்பி ஒரு மணி நேரத்தில் 34! வேகத்தை 70க்கு இறக்கினேன், அடுத்த தடவை 32. டயரைத் தொட்டால் வெதுவெதுப்புதான். நாளை பாலம். 578 மீட்டர் நீளமாம், ரயில் நின்று 40 வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னொரு சந்தேகம்: டிக்கிக்குள் தூசி கொட்டிக் கிடக்கிறது, அரிசி மூட்டையே சிவந்துவிட்டது!

மெல்பேர்ன் மாமா:
கண்ணாடி எல்லாம் மூடி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்படி வைத்து ஃபேனைக் கூட்டுங்கோ. உள்ளே அமுக்கம் கூடினால் தூசி அவ்வளவாக வராது. முன்னால் லொறி போனால் மட்டும் அந்த வெளிக்காற்று வழியை மூடுங்கோ. அரிசியை நன்றாகக் கழுவுங்கோ.